ஆபீஸ் கொடுத்த ஐஃபோன்: கை பழகட்டும், பேங்க் நம்பர் மட்டும் தள்ளியே இருக்கட்டும்

பத்து வருஷமா ஆண்ட்ராய்டு. திடீர்னு ஒரு நாள் ஐடி டீம்ல இருந்து ஒரு பெட்டி வருது. உள்ளே ஐஃபோன், அதுல ஆபீஸ் சிம். ரெண்டு வாரம் கழிச்சுப் பார்த்தா, வாங்கினவங்க பெரும்பாலும் ரெண்டு கட்சியா பிரிஞ்சிருப்பாங்க. ஒரு கட்சி, "இது நமக்கு செட் ஆகாது"ன்னு மெயில் பார்க்க மட்டும் வச்சுக்கிட்டு மீதி நேரம் டிராயர்ல போட்டுடும். இன்னொரு கட்சி, பழைய ஃபோனை வீட்ல பசங்க கையில கொடுத்துட்டு, பேங்க் நம்பர்ல இருந்து கேஸ் புக்கிங் வரைக்கும் எல்லாத்தையும் ஆபீஸ் நம்பருக்கு மாத்திடும்.

முதல் கட்சிக்கு நஷ்டம் சின்னது. ரெண்டாவது கட்சிக்கு நஷ்டம் இன்னைக்குத் தெரியாது, வேலையை விடற அன்னைக்குத் தெரியும். இந்தப் பதிவுல ரெண்டையும் பார்க்கலாம்: இந்த ஃபோன்கிட்ட இருந்து என்னென்ன வேலை வாங்கலாம், எதை அதுக்குள்ள விடவே கூடாது.

முதல்ல, இது யாரோட ஃபோன்?

கையில வாங்கினதும் செட்டிங்ஸ் திறந்து மேல பாருங்க. இந்த ஐஃபோன் உங்க நிறுவனத்தால கண்காணிக்கப்பட்டு நிர்வகிக்கப்படுதுன்னு ஒரு வரி இருந்தா, அது முழுக்க கம்பெனி கட்டுப்பாட்டுல இருக்கற ஃபோன். அப்புறம் ஜெனரல் உள்ளே போய் "விபிஎன் அண்ட் டிவைஸ் மேனேஜ்மென்ட்"டைத் தட்டுங்க. கம்பெனி என்னென்ன விதிகளைப் போட்டிருக்குன்னு அங்கே காட்டும்.

இதைப் பார்த்ததும், "அய்யோ, என் மெசேஜ் எல்லாம் படிப்பாங்களா?"ன்னு பயம் வரும். இந்த நிர்வாக வசதி வழியா அவங்களுக்குத் தெரியறது ஃபோன் மாடல், சீரியல் நம்பர், ஐஓஎஸ் வெர்ஷன், எவ்வளவு இடம் மிச்சம், என்னென்ன ஆப் இருக்கு, இந்த மாதிரி விஷயங்கள். உங்க எஸ்எம்எஸ், கால் லிஸ்ட், ஃபோட்டோ இதையெல்லாம் இது வழியா பார்க்க முடியாது. ஆனா ஆபீஸ் விபிஎன் ஓடுதுன்னா, நீங்க எந்தெந்த தளத்துக்குப் போறீங்கங்கறது அவங்க நெட்வொர்க் வழியாத்தான் போகுது. ஆபீஸ் மெயில் எப்பவுமே ஆபீஸோடது. எல்லாத்துக்கும் மேல, அவங்க நினைச்சா தூரத்துல இருந்தே ஒரே கட்டளையில ஃபோனை முழுசா அழிச்சுடலாம். உங்க குழந்தையோட பிறந்த நாள் ஃபோட்டோவுக்கு இங்கே ஒரே காப்பி மட்டும் இருந்தா, அதுவும் சேர்ந்தே போகும்.

வாங்கின அன்னைக்கே இன்னொரு வேலை. ஃபோனை நாலு பக்கமும் ஃபோட்டோ எடுத்து உங்க சொந்த ஃபோன்ல வச்சுக்குங்க. *#06# அடிச்சா ஐஎம்இஐ நம்பர் வரும், அதையும் குறிச்சுக்குங்க. கீறல் முன்னாடியே இருந்ததா, உங்க கையில விழுந்ததாங்கற பேச்சு திருப்பிக் கொடுக்கற நாள்லதான் வரும். அப்போ இந்த ஃபோட்டோ பேசும்.

கை பழக ஒரு வாரம் கொடுங்க

ஆண்ட்ராய்டுல இருந்து வர்றவங்களுக்கு முதல் எரிச்சல் பேக் பட்டன் இல்லாதது. திரையோட இடது ஓரத்துல இருந்து உள்பக்கமா தேய்ச்சா பின்னாடி போகும். சில ஆப்ல அது வேலை செய்யாது, மேல இடது மூலையில ஒரு அம்புக்குறி இருக்கும். ரெண்டாவது எரிச்சல், மேல இருந்து கீழே இழுக்கறது. வலது மூலையில இழுத்தா வைஃபை, டார்ச் எல்லாம் வரும். நடுவுல இழுத்தா நோட்டிஃபிகேஷன் வரும். மூணு நாள் தப்புத் தப்பா இழுப்பீங்க, நாலாவது நாள் கை தானா போயிடும்.

டைப் பண்ணும்போது நடுவுல ஒரு எழுத்தைத் திருத்தணுமா? ஸ்பேஸ் பாரை அழுத்திப் பிடிச்சு நகர்த்துங்க, கர்சர் கூடவே நகரும். தமிழ்ல எழுத தனி ஆப் எதுவும் வேண்டாம். ஜெனரல், கீபோர்டு உள்ளே போய் தமிழைச் சேர்த்தா தமிழ் 99, அஞ்சல் ரெண்டு முறையும் ஃபோனிலேயே இருக்கு. அஞ்சல் முறை மலேசியாவைச் சேர்ந்த முத்து நெடுமாறன் உருவாக்கின முரசு அஞ்சல்ல இருந்து வந்தது. நம்ம ஆள் செஞ்ச வேலை ஆப்பிள் ஃபோனுக்குள்ள இருக்கறதைப் பார்க்கறதே ஒரு சந்தோஷம்.

சார்ஜருக்கும் அவசரப்பட்டு காசு செலவு பண்ணாதீங்க. ஐஃபோன் 12 வந்த 2020ல இருந்தே பெட்டியில சார்ஜர் அடாப்டர் கிடையாது. ஆனா ஐஃபோன் 15ல இருந்து டைப் சி போர்ட்தான். வீட்ல இருக்கற நல்ல ஆண்ட்ராய்டு சார்ஜரே போதும்.

காசு விஷயத்துல இந்த ஃபோன் எதுல கெட்டி?

ஆண்ட்ராய்டுல பல செலவுக் கணக்கு ஆப்கள் உங்க எஸ்எம்எஸ்ஸைப் படிச்சுத்தான் கணக்கு போடும். கடன் கொடுக்கற ஆப்களும் அதே அனுமதியைக் கேட்டு, உங்க சம்பளம் எவ்வளவு, எங்கெங்கே இஎம்ஐ போகுதுன்னு பார்த்த காலம் உண்டு. ஐஃபோன்ல வேற கம்பெனி ஆப் எதுவும் உங்க எஸ்எம்எஸ் பெட்டிக்குள்ள புகுந்து படிக்க முடியாது. அப்படி ஒரு அனுமதியே அதுல கிடையாது. இதனால தானா கணக்கு போடற வசதி போகும், உண்மைதான். என்னைக் கேட்டா இந்த நஷ்டம் பரவாயில்லை.

அதுக்குப் பதிலா ஷார்ட்கட்ஸ்னு ஒரு ஆப் ஃபோனோடவே வருது. ஆட்டோமேஷன் பகுதியில, "இந்த வார்த்தை இருக்கற மெசேஜ் வந்தா, அதை நோட்ஸ்ல ஒரு பக்கத்துல சேர்த்துடு"ன்னு நீங்களே சொல்லி வைக்கலாம். கம்பெனி கார்டுக்கான எஸ்எம்எஸ் ஆபீஸ் நம்பருக்கு வருதுன்னா இது வரப்பிரசாதம். மாசக் கடைசியில கிளெய்ம் போட உட்காரும்போது செலவுப் பட்டியல் தேதியோட ரெடியா இருக்கும்.

பில்லுக்கும் இதே கதைதான். டாக்ஸி, ஹோட்டல், டோல் ரசீது எல்லாம் தெர்மல் பேப்பர். கோயம்புத்தூர் போயிட்டு வந்து பர்ஸுக்குள்ள பத்து நாள் வச்சிருந்தா வெள்ளைத் தாளாயிடும். நோட்ஸ் ஆப்லயே ஸ்கேன் வசதி இருக்கு. ஓரத்தை அதுவே கண்டுபிடிச்சு வெட்டி, பிடிஎஃப்பா கொடுக்கும். கையில ரசீது வாங்கின இடத்துலயே ஸ்கேன் பண்ணிடுங்க. மாசம் 600, 700 ரூபாய் கிளெய்ம் பண்ணாம விடறவங்க எத்தனையோ பேர். வருஷத்துக்குக் கணக்குப் போட்டா ஏழெட்டாயிரம் உங்க பணம் ஆபீஸ்லயே தங்கிடுது.

ஃபோகஸ் வசதியையும் பழகிக்குங்க. சாயந்திரம் ஏழு மணிக்கு மேல ஆபீஸ் ஆப் சத்தம் போடக்கூடாதுன்னு ஒரு தடவை செட் பண்ணா போதும். இதுல காசு மிச்சமாகாது, தூக்கம் மிச்சமாகும்.

இனி நம்பர் விஷயம்

ஃபோனை எவ்வளவு வேணும்னாலும் பழகுங்க. ஆனா அதுக்குள்ள இருக்கற ஆபீஸ் நம்பரை உங்க பேங்க், ஆதார், பிஎஃப், டீமேட், எல்ஐசி, வருமான வரி தளம் எதுலயும் கொடுக்காதீங்க. மாசம் முந்நூறு ரூபாய் ரீசார்ஜ் மிச்சம்னு சொந்த சிம்மை விட்டுடறவங்கதான் இதுல மாட்டறாங்க.

ஏன்னு பாருங்க. ஒருத்தரை வேலையை விட்டுப் போகச் சொல்றாங்கன்னு வச்சுக்குங்க. அன்னைக்கு சாயந்திரம் ஃபோனும் சிம்மும் மேஜை மேல வச்சுட்டு வரணும். அடுத்த நாள் அவருக்கு என்ன தேவை? எமர்ஜென்சி ஃபண்டுக்காகப் போட்டு வச்ச மியூச்சுவல் ஃபண்டை எடுக்கணும். பிஎஃப் கிளெய்ம் போடணும். ரெண்டுக்கும் ஓடிபி வரும். ஆன்லைன் பிஎஃப் கிளெய்முக்கு ஆதார்ல இருக்கற நம்பருக்குத்தான் ஓடிபி. அந்த நம்பர் இப்போ ஐடி டீம் அலமாரியில தூங்குது. பணம் இருக்கு, கை எட்டலை.

இதைவிட மோசமானது ஒண்ணு இருக்கு. சாதாரணமா ஒரு நம்பரை நிறுத்தினா, குறைஞ்சது 90 நாள் கழிச்சுத்தான் அதை இன்னொருத்தருக்குக் கொடுக்கணும். ஆனா கம்பெனி இணைப்பு நிறுத்தப்படறதே இல்லை. சந்தாதாரர் கம்பெனிதான். உங்க இடத்துக்கு வர்றவர் கையில அதே சிம் அடுத்த வாரமே போகலாம். உங்க பேங்க் ஓடிபி அவருக்குப் போகும். அவர் நல்லவராவே இருக்கட்டும், உங்க கணக்கு விவரம் ஏன் அவர் கையில?

ஏற்கனவே மாத்திட்டீங்களா? வேலையில இருக்கும்போதே திருப்பி மாத்துங்க, ஏன்னா பல பேங்க்ல நம்பர் மாத்தும்போது பழைய நம்பருக்கும் ஓடிபி போகும். வரிசை முக்கியம். முதல்ல ஆதார். ஆதார் மையத்துல கைரேகை வச்சு மாத்தறதால பழைய நம்பர் இல்லாமலும் முடியும். அடுத்து சம்பள அக்கவுண்ட், பிஎஃப், அப்புறம் டீமேட், ஃபண்ட். கேஸ், இபி பில் எல்லாம் கடைசியில பார்த்துக்கலாம். வாட்ஸ்அப்பும் சொந்த நம்பர்லயே இருக்கட்டும்.

"ரெண்டு ஃபோன் தூக்கிட்டு அலைய முடியாது சார்"

நியாயமான பேச்சு. ஐஃபோன் எக்ஸ்எஸ், அதாவது 2018ல இருந்து, ஒரு சாதா சிம்மும் ஒரு இ-சிம்மும் சேர்ந்து ஓடும். ஆபீஸ் அனுமதிச்சா உங்க சொந்த சிம்மையும் அதிலேயே போட்டுக்கலாம். ஐடி டீம்கிட்ட வாய்வார்த்தையா கேட்காதீங்க, மெயில்ல கேட்டு பதிலை வச்சுக்குங்க.

யுபிஐ வச்சுக்கணும்னா, கொஞ்சமா பணம் இருக்கற ஒரே ஒரு சேமிப்புக் கணக்கை மட்டும் இணைங்க. எஃப்டி, சேமிப்பு எல்லாம் இருக்கற பெரிய கணக்கு வேண்டாம். புது ஃபோன்ல யுபிஐ போடும்போது சரிபார்ப்பு எஸ்எம்எஸ் ஆண்ட்ராய்டு மாதிரி தானா போகாது, மெசேஜ் திறக்கும், நீங்களே அனுப்பு பட்டனைத் தட்டணும். அதுல எந்த சிம் தேர்வாகியிருக்குன்னு பாருங்க. ஆபீஸ் சிம்ல இருந்து போனா சரிபார்ப்பு தோத்துடும். அதோட, ஃபோன் மாத்தின புதுசுல ஆண்ட்ராய்டுல 24 மணி நேரத்துக்கு 5,000 ரூபாய்தான் அனுப்பலாம்னா, ஐஃபோன்ல அந்தக் கட்டுப்பாடு 72 மணி நேரம். சிம்மை இ-சிம்மா மாத்தினா எஸ்எம்எஸ்ஸும் ஒரு நாள் வரைக்கும் நிக்கலாம். அதனால வாடகை, ஸ்கூல் ஃபீஸ் கட்டற வாரத்துல இந்த வேலையைத் தொடாதீங்க. மாச நடுவுல ஒரு வெள்ளிக்கிழமை சரியா இருக்கும்.

ரெண்டு ஃபோனும் வச்சுக்கறவங்களுக்கு ஒரு கணக்கு. 28 நாள் டேட்டா பேக் 300 ரூபாய்னா, வருஷத்துக்கு 13 தடவை, 3,900 ரூபாய். 2024 டிசம்பர்ல டிராய் போட்ட உத்தரவுக்கு அப்புறம், பேச்சும் எஸ்எம்எஸ்ஸும் மட்டும் இருக்கற நீண்ட நாள் பேக் வந்தாச்சு. வருஷத்துக்கு 1,800 ரூபாய் பக்கம் ஒண்ணு போட்டா 2,100 ரூபாய் மிச்சம், ஓடிபி நம்பரும் உயிரோட இருக்கும். வீட்ல வைஃபை இருந்தா பழைய ஃபோனுக்கு இதுவே தாராளம்.

பெரிய மிச்சம் வேற இடத்துல இருக்கு. ஆபீஸ் ஃபோன் கையில இருக்கற வரைக்கும் சொந்தமா புது ஃபோன் வாங்கற தேவை தள்ளிப் போகுது. ஆனா நடக்கறது தலைகீழ். ஆறு மாசம் ஐஃபோன் பழகினதும், "நமக்கும் ஒண்ணு"ன்னு மனசு அலையும். 72,000 ரூபாய் ஃபோன், 24 மாசம், மாசம் 3,000. நோ காஸ்ட் இஎம்ஐன்னு சொன்னாலும் பிராசஸிங் ஃபீஸும், வட்டிப் பகுதி மேல ஜிஎஸ்டியும் உங்க தலையிலதான். எந்த வசதியை நிஜமா தினமும் பயன்படுத்தறீங்கன்னு ஆபீஸ் ஃபோனே இலவசமா காட்டிக்கொடுக்குது. ஒரு வருஷம் பொறுத்துப் பாருங்க. ஸ்கேனும் கேமராவும் மட்டும்தான்னா, 25,000 ரூபாய் ஆண்ட்ராய்டே அதைச் செய்யும்.

திருப்பிக் கொடுக்கற நாள்

சொந்த ஆப்பிள் அக்கவுண்ட் போட்டிருந்தா, "ஃபைண்ட் மை"யை அணைச்சு, அக்கவுண்ட்ல இருந்து வெளியே வந்துட்டுத்தான் ஃபோனைக் கொடுக்கணும். இல்லைன்னா அந்த ஃபோன் உங்க பேர்ல பூட்டிக்கும், ஃபுல் அண்ட் ஃபைனல் தாமதமாக அது ஒரு நல்ல சாக்கு. அதுக்கு முன்னாடி யுபிஐ லைட்ல மிச்சம் இருக்கற பணத்தைக் கணக்குக்குத் திருப்புங்க, யுபிஐ ஆப்ல இருந்து கணக்கை நீக்குங்க, ஆதென்டிகேட்டர் ஆப்ல இருக்கற கோடுகளைச் சொந்த ஃபோனுக்கு மாத்துங்க. இ-சிம்மா போட்டிருந்தா அதையும் நகர்த்தணும், இதுக்கு ரெண்டு நாள் முன்கூட்டியே ஆரம்பிங்க.

சில கம்பெனிகள் குறைஞ்ச விலைக்கு அந்த ஃபோனை உங்களுக்கே விக்கும். வாங்கறதுக்கு முன்னாடி எச்ஆர்கிட்ட ரெண்டு கேள்வி. கம்பெனி கட்டுப்பாட்டை முழுசா எடுத்துட்டுத் தருவீங்களா? ஃபோனோட மதிப்புக்கும் நான் கொடுக்கற விலைக்கும் உள்ள வித்தியாசத்தை என் சம்பளத்துல சலுகையா காட்டி டிடிஎஸ் பிடிப்பீங்களா? மாசாமாசம் கம்பெனி கட்டின ஃபோன் பில்லுக்கு வரி வர்றதில்லைங்கறதால, இதுக்கும் வராதுன்னு பலர் நினைச்சுக்கறாங்க. அது வேற கணக்கு, இது வேற கணக்கு. பதில் ரெண்டையும் மெயில்ல வாங்கிட்டு, அப்புறம் பணத்தை அனுப்புங்க.