பொலிஷ் மெஷினைச் சரியாகப் பிடிப்போம்

மாத்தளையிலிருந்து தம்புள்ளை போகும் வழியில், ஏ-9 வீதியில் நாலந்தா இருக்கிறது. கண்டியையும் யாழ்ப்பாணத்தையும் இணைக்கும் பாதை என்பதால் வான், லொறி, ஓட்டோ என்று நாள் முழுக்க வாகனங்கள் ஓடும். இப்படியான வீதியோரத்தில் வாகனம் கழுவிப் பொலிஷ் செய்து கொடுக்கும் சிறுதொழிலைத் தொடங்க நினைப்பவர்கள் உங்களில் இருக்கலாம். இன்னும் சிலரிடம், இடம்பெயர்ந்திருந்த காலம் முழுவதும் வெயிலிலும் மழையிலும் நின்ற சொந்த வாகனம் இருக்கும். இந்தப் பாடம் இரு தரப்பினருக்கும் உரியது.

முதலில் ஒன்றை விளங்கிக்கொள்ளுங்கள். பெயின்டுக்கு மேல் பூசி வைப்பது வெக்ஸ். கொம்பவுண்டும் பொலிஷும் செய்யும் வேலை வேறு. அவை பெயின்டை மெல்லியதாகத் தேய்த்து எடுக்கின்றன. கீறலைச் சுற்றியுள்ள பரப்பு கீறலின் ஆழத்துக்கு இறங்கும்போதுதான் கீறல் மறைகிறது. தொழிற்சாலையில் பூசிய பெயின்ட், அடிப்பூச்சு முதல் மேற்பூச்சு வரை, ஏறக்குறைய ஒரு மில்லிமீற்றரில் பத்தில் ஒரு பங்கு. அதில் மேலே இருக்கும் நிறமற்ற கிளியர் பூச்சு சுமார் 40 முதல் 50 மைக்ரோன் மட்டுமே. தலைமயிர் ஒன்றின் தடிப்பு கூடப் பெரும்பாலும் அதைவிட அதிகம். இந்தப் பூச்சைத் தாண்டித் தேய்த்துவிட்டால் எந்தப் பொலிஷாலும் திருப்பிக் கொண்டுவர முடியாது, ஸ்ப்ரே அடிக்கத்தான் வேண்டும். வாடிக்கையாளரின் வாகனம் என்றால் அந்தச் செலவு உங்கள் தலையில். வாழ்வாதார உதவிப் பணத்தில் மெஷின் வாங்கிய குடும்பத்துக்கு, எரிந்துபோன ஒரு பொனட்டே தொழிலை நிறுத்தப் போதும்.

பொருளாதாரத் தடைக் காலத்தில் யாழ்ப்பாணத்தில் மண்ணெண்ணெயில் ஓடிய ஒஸ்டின், மொரிஸ் கார்களை உங்கள் வீட்டுப் பெரியவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். அந்தக் காலத்துக் கார்களில் கிளியர் பூச்சு கிடையாது, நிறப் பெயின்டே மேற்பூச்சு. அடையாளம் காண்பது எளிது. வெள்ளைத் துணியில் சிறிது பொலிஷ் எடுத்து, மறைவான ஓரிடத்தில் கையால் தேய்த்துப் பாருங்கள். துணியில் வாகனத்தின் நிறம் ஒட்டினால் கிளியர் பூச்சு இல்லை. அப்படிப்பட்ட பெயின்ட் வெயிலில் வெளிறிச் சுண்ணாம்பு போல இருந்தாலும் பொலிஷுக்கு நன்றாக மீளும். ஆனால் கிளியர் பூச்சு உள்ள வாகனத்தில் அது செதிள் செதிளாக உரியத் தொடங்கியிருந்தால் வேலையை ஏற்காதீர்கள். மெஷின் பட்டால் இன்னும் உரியும்.

மெஷின் இரண்டு வகை. ஒன்று ஒரே அச்சில் சுற்றும் ரோட்டரி. விரைவாக வெட்டும், விரைவாகச் சூடும் ஏற்றும். மற்றது சுற்றிக்கொண்டே அதிரும் டூவல் எக்ஷன். மெதுவானது, ஆனால் பெயின்டை எரிப்பது அரிது. புதிதாகப் பழகுபவர்கள் இரண்டாவதையே வாங்குங்கள். வெல்டிங் கடையில் இருக்கும் 4 அங்குல கிரைண்டரில் பஃப் மாட்டிப் பொலிஷ் செய்வதை அங்கங்கே காண்கிறோம். அது நிமிடத்துக்கு 11,000 சுற்றளவில் ஓடுவது. பொலிஷுக்கு வேண்டியது 1,200 முதல் 1,500 வரை. பெயின்டும் போகும், பஃப் கழன்று முகத்திலும் அடிக்கும். ஜப்பானில் இருந்து வரும் பாவித்த மெஷின்களை மலிவென்று வாங்குமுன் தகட்டைப் படியுங்கள். 100 வோல்ட் என்றிருந்தால் நம் நாட்டு 230 வோல்ட் மின்சாரத்தில் நேரடியாகப் போட்டதும் கருகிவிடும்.

வேலைக்கு முன் வாகனத்தை நன்றாகக் கழுவ வேண்டும். செம்மண் தூசியில் மணல் இருக்கும். அது பஃப்பில் மாட்டினால் நீங்களே புதுக் கீறல் போடுகிறீர்கள். தார்ப் புள்ளி, மரப்பால், பறவை எச்சம் எல்லாம் போக வேண்டும். கையுறை இல்லாத விரலால் தடவிப் பாருங்கள். கரகரப்பாக இருந்தால் சவர்க்கார நீர் தெளித்து, வாகனங்களுக்கென விற்கும் களிமண்ணால் தேயுங்கள். பிறகு விளிம்புகள், ரப்பர், பிளாஸ்டிக் பட்டி எல்லாவற்றுக்கும் மாஸ்கிங் டேப் ஒட்டுங்கள். விளிம்பில்தான் பெயின்ட் மிக மெல்லியது, எரிவதும் பெரும்பாலும் அங்கேதான்.

நகத்தைக் கீறலின் குறுக்கே ஓட்டிப் பாருங்கள். நகம் மாட்டினால் அந்தக் கீறல் பொலிஷில் போகாது. இதை வேலை தொடங்குமுன்பே வாகனக்காரரிடம் சொல்லிவிடுங்கள், பிறகு சொன்னால் சாட்டுப் போலத் தெரியும். சிறு காந்தம் ஒன்றும் வைத்திருங்கள். இரும்புத் தகட்டில் அது ஒட்டாத இடத்தில் உள்ளே தடிப்பான புட்டி இருக்கிறது, மேலே பிறகு அடித்த பெயின்ட். அங்கே மிக மென்மையாகப் போக வேண்டும்.

இனி மெஷினைப் பிடிப்போம். நிழலில், தகடு ஆறியிருக்கும்போது மட்டும் தொடங்குங்கள். வயரைத் தோளின் மேலால் பின்னுக்குப் போடுங்கள், அது பெயின்டில் உரசக் கூடாது. ஸ்பொஞ் பஃப்பில் கடலை அளவில் நான்கைந்து துளி போதும். இரண்டடிக்கு இரண்டடிக்கு மேல் பரப்பு எடுக்காதீர்கள். பஃப்பைத் தகட்டில் வைத்த பிறகே சுவிட்சைப் போடுங்கள், இல்லாவிட்டால் பொலிஷ் சுவரெல்லாம் தெறிக்கும். குறைந்த வேகத்தில் பரப்பிவிட்டு வேகத்தைக் கூட்டுங்கள். பஃப் தட்டையாகப் படிய வேண்டும். சரித்துப் பிடித்தால் அதன் ஓரம் மட்டும் அழுத்தி வளையம் வளையமாகத் தடம் விழும். அந்தத் தடம் நிழலில் தெரியாது, மறுநாள் வெயிலில் வாடிக்கையாளருக்குத் தெரியும்.

கையை மெதுவாக நகர்த்துங்கள். ஒரு வினாடிக்கு இரண்டு விரல்கிடை போதும். முந்திய தடத்தின் பாதியை அடுத்த தடம் மூட வேண்டும். முதலில் குறுக்காக, பிறகு நெடுக்காக. மெஷினின் பாரமே பெரும்பாலும் போதும், உடம்பால் அழுத்த வேண்டாம். ஓரிடத்தில் நிறுத்தவே கூடாது. இடையிடையே புறங்கையால் தகட்டைத் தொடுங்கள். கை வைக்க முடியாத சூடு என்றால் நிறுத்தி ஆறவிடுங்கள். பிளாஸ்டிக் பம்பர் சூட்டைக் கடத்தாது, அதனால் தகட்டைவிட முன்னதாகவே எரியும்.

எப்போதும் முதலில் ஓரடிப் பரப்பில் மென்மையான பஃப்பும் மென்மையான பொலிஷும் கொண்டு பரீட்சித்துப் பாருங்கள். போதாவிட்டால் மட்டும் கொம்பவுண்டுக்குப் போங்கள். கம்பளி பஃப்பும் கொம்பவுண்டும் பாவித்த இடத்தை மறுபடி ஸ்பொஞ்சாலும் பொலிஷாலும் ஒருமுறை முடிக்க வேண்டும். கடைசியில் வெக்ஸ் பூசுங்கள். ஆனால் புதிதாக ஸ்ப்ரே அடித்த பெயின்டுக்கு ஒரு மாதமாவது வெக்ஸ் போடாதீர்கள், உள்ளிருக்கும் தின்னர் வெளியேற வேண்டும்.

கண்ணாடியும் முகக்கவசமும் அணியுங்கள். சால்வை, தளர்ந்த சாரம், அவிழ்ந்த கூந்தல் மெஷினுக்கு அருகில் வரக் கூடாது. கழுவிய ஈரத் தரையில் மெஷின் பிடிக்காதீர்கள், ட்ரிப் சுவிட்ச் இல்லாத லைனிலும் வேண்டாம்.

முதல் பத்து நாளும் டிங்கர் கராஜில் கழித்துப் போட்ட ஒரு பொனட்டை வாங்கி அதில் பழகுங்கள். விளிம்பில் வேண்டுமென்றே எரித்துப் பாருங்கள். எவ்வளவு நேரத்தில் போகிறது என்று கை அறிந்துகொள்ளும்.

வேலை முடிந்ததும் பஃப்பை வெதுவெதுப்பான சவர்க்கார நீரில் கழுவி, பிழிந்து, நிழலில் கொழுவுங்கள். தரையில் விழுந்த பஃப்பைக் கழுவாமல் வாகனத்தில் வைக்க வேண்டாம்.