உடலுறவில் வலி: நம்பிக்கைகளும் உண்மைகளும்

உடலுறவின்போது வலிக்கிறது என்று ஒரு பெண் வாய்விட்டுச் சொல்வதே அபூர்வம். சொன்னாலும், ‘போகப் போகச் சரியாயிடும்’ என்பதுதான் வீட்டில் கிடைக்கும் முதல் வைத்தியம். அதை நம்பி வருடக்கணக்கில் பொறுத்துக்கொள்பவர்கள் பலர்.

நம்பிக்கை: பல்லைக் கடித்துக்கொண்டால் பழகிவிடும்.

உண்மை: பொறுக்கப் பொறுக்க வலி கூடத்தான் வாய்ப்பு அதிகம். ஒருமுறை வலித்தால், அடுத்த முறை உடல் முன்கூட்டியே இறுகிக்கொள்கிறது. இறுகிய தசை இன்னும் வலிக்கிறது.

நம்பிக்கை: எல்லாம் மனப்பயம்தான்.

உண்மை: நோய்த்தொற்று, எண்டோமெட்ரியோசிஸ் (கருப்பையின் உள்படலம் போன்ற திசு வெளியே வளர்வது), பிரசவத் தையலின் தழும்பு என்று உடல்சார்ந்த காரணங்கள் பல உண்டு. தாய்ப்பால் கொடுக்கும்போதும் மாதவிடாய் நின்ற பிறகும் ஈஸ்ட்ரோஜன் குறைவதால் பிறப்புறுப்பு வறண்டும் வலிக்கலாம். பயமே காரணமானாலும், தசை இறுகுவதும் வலிப்பதும் நிஜம். ‘வஜைனிஸ்மஸ்’ உள்ள பெண்ணுக்கு, அவர் விரும்பினாலும்கூட தசை தானாகவே இறுகிக்கொள்ளும். ஆகவே முதலில் மகளிர் நல மருத்துவரிடம் காட்டிக் காரணத்தைக் கண்டறிய வேண்டும்.

நம்பிக்கை: கெகல் பயிற்சி செய்தால் போதும்.

உண்மை: அமெரிக்க மருத்துவர் அர்னால்டு கெகல் 1948-இல் தசையை இறுக்கிவிடும் இந்தப் பயிற்சியைப் பற்றி எழுதியது, பிரசவத்துக்குப் பின் தளர்ந்துபோன இடுப்புத்தளத் தசைகளை (சிறுநீர்ப்பையையும் கருப்பையையும் கீழிருந்து தாங்குபவை) வலுவாக்குவதற்காக. ஏற்கெனவே இறுகிக் கிடக்கும் தசையை மேலும் இறுக்கினால் வலி கூடலாம். அதற்குத் தளர்த்தும் பயிற்சிதான் தேவை. முழங்காலை மடக்கி மல்லாந்து படுத்து, வயிறு மெல்ல உயரும்படி மூச்சை இழுங்கள். சிறுநீர் கழிக்கத் தொடங்கும்போது கீழே ஒரு பிடி விடுபடுமே, மூச்சு உள்ளே போகும்போது அந்தத் தளர்வு வர வேண்டும். முக்கக் கூடாது.

நம்பிக்கை: பிசியோதெரபி முதுகுக்கும் முழங்காலுக்கும்தான்.

உண்மை: இடுப்புத்தளத் தசைகளுக்கென்றே பயிற்சி பெற்ற பிசியோதெரபிஸ்டுகள் இருக்கிறார்கள். உள்பரிசோதனை தேவைப்பட்டால், உங்கள் சம்மதத்தோடு, கையுறை அணிந்த ஒரு விரலால் எந்த இடம் இறுகியிருக்கிறது என்று பார்ப்பார்கள். எந்த நொடியிலும் ‘போதும்’ என்று சொல்லலாம். பிறகு வீட்டுப் பயிற்சிக்கு டைலேட்டர்கள் (பிறப்புறுப்பினுள் வைத்துப் பழக, பல அளவுகளில் வரும் வழவழப்பான குழல் வடிவக் கருவிகள்) தரப்படலாம். மிகச் சிறியதில் தொடங்கி, அது வலியில்லாமல் பழகிய பிறகே அடுத்த அளவு. வேகத்தைத் தீர்மானிப்பது பெண்தான். பலன் தெரியச் சில வாரங்களும் ஆகலாம், சில மாதங்களும் ஆகலாம். அதுவரை வலி தரும் உறவு வேண்டாம் என்பதைக் கணவரும் புரிந்துகொள்ள வேண்டும்.

நம்பிக்கை: ஒரு குழந்தை பிறந்தால் சரியாகிவிடும்.

உண்மை: பிரசவம் இதற்குச் சிகிச்சை அல்ல. பிரசவத்தில் ஏற்படும் கிழிசலும் தையலும் புதிதாக வலியைக் கொண்டுவரவும் கூடும்.

மருத்துவரிடம் போகும்போது மூன்று விவரங்களைச் சொல்லுங்கள்: வலி நுழைவிடத்திலா ஆழத்திலா, எரிச்சலா குத்தலா, எப்போதிலிருந்து. உறவுக்குப் பின் ரத்தக்கசிவு, துர்நாற்றத்துடன் வெள்ளைப்படுதல், காய்ச்சலோடு அடிவயிற்று வலி இருந்தால் தள்ளிப்போடாதீர்கள்.