பூனையின் முகக் காயத்துக்குத் தோல் மடல் அறுவை

தூத்துக்குடி, திரேஸ்புரம், புன்னைக்காயல் எனக் கடலோரத்தில் மீன் இறங்கும் இடங்களிலெல்லாம் பூனைகள் உண்டு. வலையைக் கடிக்கும் எலிகளை அடக்குவதால் விரும்பி வளர்ப்போரும் உள்ளனர். இரை கோத்த தூண்டில் முள், கடுவன்களின் சண்டை, வண்டி மோதல் ஆகியவற்றால் இவற்றின் முகம் கிழிபடுகிறது. காயம் பெரிதானால் பூனை பிழைக்காது என்று கைவிட வேண்டியதில்லை.

முகத்தில் தளர்ந்த தோல் குறைவு. பெரிய காயத்தின் ஓரங்களை இழுத்துத் தைத்தால் இமையும் உதடும் கோணிவிடும். இமை மூடாவிட்டால் கருவிழி உலர்ந்து புண்ணாகும். ஆகவே பக்கத்துத் தோலைத் திருப்பிக் காயத்தை மூடுகிறார்கள். காதின் பின்புறம் தொடங்கிக் கழுத்துக்குச் செல்லும் தோல் தளர்வானது. அதற்குத் தனித் தமனி உண்டு. அடிப்பகுதியைத் துண்டிக்காமல் அத்தோலை மடலாக எடுத்து, கன்னத்திலோ கண்ணருகிலோ தைக்கிறார்கள். மாவில் நெருக்கு ஒட்டுக் கட்டும்போது, ஒட்டு கூடும் வரை கிளையைத் தாய்மரத்திலிருந்து வெட்டுவதில்லை அல்லவா? அதுபோலத்தான் இதுவும்.

இம்முறை நம் நாட்டுக்குப் பழையது. மைசூர்ப் போரில் மூக்கறுபட்ட மாடோட்டி கவாஸ்ஜிக்கு, பூனா அருகே நெற்றித் தோலைத் திருப்பி மூக்கு அமைத்த செய்தியை 1794 அக்டோபரில் இலண்டன் இதழொன்று வெளியிட்டது.

வளர்ப்போர் கவனிக்க வேண்டியவை:

1. லிட்டருக்கு 9 கிராம் உப்பிட்டுக் கொதித்தாறிய நீரால் காயத்தைக் கழுவி, ஈரமான சுத்தத் துணியால் மூடி, அன்றே கால்நடை மருத்துவரிடம் காட்டவும். சீழ் பிடித்தால் அது அடங்கிய பின்பே மடல் வைக்க முடியும்.

2. குத்திய தூண்டில் முள்ளையோ, வாயில் தொங்கும் நரம்பையோ இழுக்கக் கூடாது.

3. பினாயில், மண்ணெண்ணெய், சுண்ணாம்பு தடவினால் உயிருள்ள தோலும் கருகும். பாரசிட்டமால் பூனைக்கு நஞ்சு. ஒரு மாத்திரையே உயிரைப் பறிக்கலாம்.

4. வெள்ளைப் பூனையின் மூக்கிலும் காது நுனியிலும் ஆறாத புண், வெயிலால் வரும் புற்றாகவும் இருக்கலாம். சதைத் துணுக்கைச் சோதிப்பது அவசியம்.

5. அறுவைக்குப்பின் 10 முதல் 14 நாள், தையல் பிரிக்கும் வரை, கழுத்துப் பட்டையைக் கழற்றாமல் வீட்டுக்குள் வைக்கவும். மூக்கடைத்த பூனைக்கு மணம் தெரியாததால் தின்னாது. வேகவைத்த மீனை வெதுவெதுப்பாகக் கொடுக்கவும். இரண்டு நாள் பட்டினி கிடந்தால் ஈரலில் கொழுப்பு சேரத் தொடங்கும். மடலின் நுனி கறுத்தாலும் உடனே மருத்துவரிடம் செல்லவும்.

6. பூனை கடித்தாலோ பிறாண்டினாலோ, சோப்பும் ஓடும் நீரும் கொண்டு 15 நிமிடம் கழுவி, வெறிநோய்த் தடுப்பூசிக்கு மருத்துவமனை செல்லவும்.

திருநெல்வேலி இராமையன்பட்டியில் 2012-இல் தொடங்கிய கால்நடை மருத்துவக் கல்லூரி இப்பகுதிக்கு அருகில் உள்ளது. முதல் நாளே கொண்டு சென்றால் பூனையின் கண்ணும் முகமும் தப்பும்.