டிப்ஸ்: பிள்ளைகளுக்கு எதைச் சொல்லித்தருவது?

நம்பிக்கை: டிப்ஸ் நம் இஷ்டம், மனசிருந்தால் கொடுக்கலாம்.

உண்மை: அது ஊரைப் பொறுத்தது. அமெரிக்காவில் மகன் வீட்டுக்கும் அக்கா வீட்டுக்கும் போய் இறங்கும் நம் குடும்பங்கள் தடுமாறுவது இங்கேதான். டிப்ஸ் வாங்கும் ஊழியருக்கு முதலாளி தன் கையிலிருந்து தரவேண்டிய குறைந்தபட்சக் கூலி, அந்நாட்டு மத்திய சட்டப்படி மணிக்கு 2.13 டாலர்தான். 1991-லிருந்து அது ஏறவே இல்லை. டிப்ஸையும் சேர்த்து 7.25 டாலர் வராவிட்டால் மீதியை முதலாளி போடவேண்டும். கலிபோர்னியா போன்ற சில மாநிலங்களில் முழுக் கூலியும் உண்டு. அங்கும் உட்கார்ந்து சாப்பிட்டால் 15 முதல் 20 சதவீதம் வைப்பதே வழக்கம். நாம் வைக்காமல் எழுந்தால் பரிமாறியவர் வருமானத்தில்தான் துண்டு விழும். பத்து வயதுப் பிள்ளைக்கு இது நன்றாகவே புரியும். பில்லை அதன் கையில் கொடுங்கள். வரிக்கு முன் 40 டாலரா? பத்து சதவீதம் 4, இரட்டித்தால் 8. கணக்குப் பாடமும் ஆயிற்று. “எட்டு டாலரா? ரூபாயில் எவ்வளவு தெரியுமா?” என்று அப்பா முணுமுணுப்பதை மட்டும் அறைக்குப் போனபின் வைத்துக்கொள்ளலாம்.

நம்பிக்கை: காசு கொடுத்தால் யார்தான் வேண்டாம் என்பார்கள்?

உண்மை: ஜப்பானில் வேண்டாம் என்பார்கள். மேசையில் விட்டுவந்தால், மறந்துவிட்டீர்கள் என்று தெருவரை ஓடிவந்து திருப்பித் தருவதும் உண்டு. சாப்பிட்டுக் கிளம்பும்போது ‘கோச்சிசோசாமா’ (சாப்பாட்டுக்கு நன்றி) என்று சொல்லப் பிள்ளையைப் பழக்கினால் போதும்.

நம்பிக்கை: பில்லில் சர்வீஸ் சார்ஜ் போட்டால் கட்டியே தீரவேண்டும்.

உண்மை: சிங்கப்பூரில் பல உணவகங்கள் 10 சதவீதம் சேர்த்தே பில் போடும்; கட்டுங்கள், அதற்குமேல் டிப்ஸ் தேவையில்லை. இந்தியாவில் அப்படிக் கட்டாயமாகச் சேர்க்கக்கூடாது என்று மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2022-ல் சொன்னது. டெல்லி உயர் நீதிமன்றம் 2025 மார்ச்சில் அதை உறுதிசெய்தது. எடுத்துவிடச் சொல்லலாம். குரலை உயர்த்தாமல் எப்படிக் கேட்பது என்பதைப் பிள்ளை பக்கத்திலிருந்து பார்க்கட்டும்.

நம்பிக்கை: குழந்தை கையால் கொடுக்கவைத்தால் தாராள குணம் வளரும்.

உண்மை: வயதில் மூத்தவரிடம் “இந்தா” என்று நீட்டவிட்டு, அதைப் போனில் படமும் எடுத்தால் வேறு குணம்தான் வளரும். அமெரிக்க ஓட்டலில் அறையைச் சுத்தம் செய்பவருக்கான காசைப் பிள்ளை பொறுப்பில் விடலாம். தினமும் காலையில் வைக்கவேண்டும். ஆள் மாறிக்கொண்டே இருப்பார்கள். கடைசி நாள் மொத்தமாக வைத்தால் முதல் நாள் பெருக்கியவருக்கு ஒன்றும் போய்ச்சேராது. பக்கத்தில் ‘தேங்க் யூ’ என்று எழுதிய தாள் ஒன்று அவசியம். இல்லாவிட்டால் விருந்தாளி மறந்த பணம் என்று தொடாமலே போய்விடுவார்கள்.