பற்றரியைக் குற்றம் சொல்லுமுன்

நெற்கதிர் முற்றும் காலத்தில் கந்தளாய் வயற்காரருக்கு இரவில் தூக்கமில்லை. கவுடுல்ல காட்டுப் பக்கமிருந்து யானை இறங்கும். மின்கம்பம் எட்டாத காவல் கொட்டிலில் விளக்கும் யானை வேலியும் ஒரு சோலார் பனலையும் ஒரு பற்றரியையும் நம்பியே இருக்கின்றன. நடுச்சாமத்தில் விளக்கு மங்கினால், விடிந்ததும் “பற்றரி செத்துப்போச்சு” என்கிறோம். கடன்பட்டுப் புதியது வாங்குகிறோம். காரணம் தீராததால் அதுவும் சீக்கிரம் கெடுகிறது.

நம்பிக்கை: வெயில் கொளுத்தினால் சார்ஜ் நன்றாக ஏறும்.

உண்மை: பனலுக்கு வேண்டியது வெளிச்சம், வெக்கை அதன் எதிரி. 12 வோல்ட் பற்றரிக்கான பனல் 25 பாகைச் சூட்டில் சுமார் 18 வோல்ட் தரும். தகரக் கூரையோடு ஒட்டிக்கிடந்து 60 பாகைக்குச் சூடேறினால் 15.5 அளவுக்கு இறங்கிவிடும். ஈயப் பற்றரி நிறைவதற்கு ஏறக்குறைய 14.4 வோல்ட் வேண்டும். தகரத்துக்கும் பனலுக்கும் இடையே நாலு விரல் காற்றோட்டம் விடுங்கள்.

நம்பிக்கை: வயர் எதுவானாலும் கரண்ட் போகும்.

உண்மை: போகும், ஆனால் வழியிலேயே கரையும். 1.5 சதுர மில்லிமீற்றர் செப்பு வயரை 10 மீற்றருக்கு இழுத்தால், போக வர 20 மீற்றர். 10 ஆம்பியர் ஓடும்போது அதில் 2.3 வோல்ட் தொலையும். சூடேறிய பனலின் 15.5இல் மிஞ்சுவது 13.2தான். ஓட்டம் சுருங்கி, பொழுது படுமுன் பற்றரி நிறையாது. 6 சதுர மில்லிமீற்றர் வயரில் இழப்பு 0.6ஐத் தாண்டாது.

நம்பிக்கை: சார்ஜ் கன்ட்ரோலரில் பச்சை விளக்கு எரிந்தால் பற்றரி நிறைந்துவிட்டது.

உண்மை: பல கன்ட்ரோலர்களில் பச்சை என்றால் சார்ஜ் ஏறுகிறது என்றுதான் பொருள். பனலையும் விளக்கையும் கழற்றிச் சில மணி நேரம் ஆறவிட்டு மீற்றரை வையுங்கள். 12.6க்கு மேல் என்றால் நிறைவு; 12.2 என்றால் பாதி. அரைவயிற்றோடு நாட்கணக்கில் கிடக்கும் பற்றரியின் தகடுகளில் வெள்ளை உப்பு இறுகி, பிறகு கரையாது.

நம்பிக்கை: தண்ணீர் குறைந்தால் அசிட் ஊற்ற வேண்டும்; இல்லாவிட்டால் கிணற்றுத் தண்ணீர் போதும்.

உண்மை: ஆவியாவது தண்ணீர் மட்டுமே, அசிட் உள்ளேயே இருக்கிறது. வடித்த நீர்தான் ஊற்ற வேண்டும். கிணற்று நீரிலுள்ள உப்பும் சுண்ணாம்பும் தகட்டைக் கெடுக்கும்.

எங்கள் கொட்டிலிலும் ஒருமுறை பற்றரி செத்துப்போச்சு என்றுதான் நினைத்தோம். சார்ஜ் ஏறும்போதே மீற்றரின் ஒரு முனையைப் பற்றரியின் ஈய முளையிலும், மறுமுனையை அதைக் கவ்விய கிளிப்பிலும் வைத்தேன். ஏறக்குறைய சுழியம் காட்ட வேண்டிய இடத்தில் 0.8 வோல்ட் காட்டியது. பனலின் இணைப்பைப் பிரித்துவிட்டு, பற்றரியின் எதிர்மின் முனையை முதலில் கழற்றிப் பார்த்தால், கிளிப்புக்குள் பச்சையும் வெள்ளையுமாய்ப் பொடி படிந்திருந்தது. அப்பச்சோடா கரைத்த சுடுநீரில் தேய்த்து, துடைத்து, இறுக்கினேன். அந்தச் “செத்த” பற்றரி அறுவடைவரை விளக்கெரித்தது.

புதியது வாங்குமுன் ஒரு கிழமை பொறுங்கள். தினமும் பொழுது பட்டபின் ஆறவிட்டு ஒருமுறை, விடியுமுன் ஒருமுறை வோல்ட்டை அளந்து கொட்டில் தூணில் கரியால் எழுதுங்கள். மாலை எண்ணே குறைவாக இருந்தால் பற்றரி பட்டினி கிடக்கிறது: பனல், வயர், கிளிப்பைப் பாருங்கள். மாலையில் 12.6 இருந்து, வழக்கமான விளக்குக்கே விடியுமுன் சரிந்தால் மட்டும் பற்றரிக்கு வயதாகிவிட்டது.