விலை மலிவு, பில் பெரிது: அமெரிக்கக் கறுப்பினக் குடும்பங்களின் மின்கட்டணச் சுமை

அமெரிக்க வீடுகளுக்கான மின்சாரத்தின் சராசரி விலை 2020இல் யூனிட்டுக்கு 13 சென்ட் அளவில் இருந்தது. 2024இல் 16 சென்டைத் தாண்டிவிட்டது. இந்த ஏற்றம் எல்லா வீட்டையும் ஒரேபோலத் தாக்கவில்லை. வருமானத்தில் 6 விழுக்காட்டுக்கு மேல் மின்சாரத்துக்கும் எரிவாயுவுக்கும் போனால், அதை அதிகச் சுமை என்று அங்குள்ள ஆய்வாளர்கள் கணக்கிடுகிறார்கள். ஏசிஇஇஇ என்ற ஆய்வமைப்பு 2020இல் வெளியிட்ட அறிக்கைப்படி, குறைந்த வருமானக் குடும்பங்களின் இடைநிலைச் சுமை 8.1 விழுக்காடு, மற்றவர்களுக்கு 2.3 விழுக்காடுதான். கறுப்பினக் குடும்பங்களின் சுமை வெள்ளையினக் குடும்பங்களைவிட 43 விழுக்காடு அதிகம்.

ஏன் இப்படி? சட்டென்று சொல்லப்படும் காரணங்கள் பலவும் ஆராய்ந்தால் நிற்பதில்லை.

நம்பிக்கை 1: மின்சாரத்தை வீணாக்குவதால்தான் பில் ஏறுகிறது.

உண்மை: வீணாக்குவது பெரும்பாலும் வீடுதான், அதில் வாழ்பவர்கள் அல்லர். கூரையிலும் சுவரிலும் வெப்பக்காப்பு இல்லாத பழைய வீட்டில், குளிர்காலத்தில் ஹீட்டரின் சூடும் கோடையில் ஏசியின் குளிர்ச்சியும் ஜன்னல் இடுக்கு வழியே வெளியேறிக்கொண்டே இருக்கும். ஏழை வீடுகளின் நிலையை நகரத்து வீடுகளின் இடைநிலைத் தரத்துக்கு உயர்த்தினாலே, கறுப்பினக் குடும்பங்கள் சுமக்கும் கூடுதல் பாரத்தில் 42 விழுக்காடு நீங்கிவிடும் என்று ஏசிஇஇஇ அமைப்பின் 2016 ஆய்வு கணக்கிட்டது.

சிக்கனத்துக்கும் அங்கே குறைவில்லை. பில்லைக் கட்டுவதற்காக உணவையோ மருந்தையோ குறைத்துக்கொண்டவை, 2015ஆம் ஆண்டின் அரசுக் கணக்கெடுப்பில், நாடு முழுவதும் 5 குடும்பங்களில் ஒன்று.

நம்பிக்கை 2: இது வறுமைச் சிக்கல், இனத்துக்கு இதில் தொடர்பில்லை.

உண்மை: பெர்க்லி பல்கலைக்கழக ஆய்வாளர் ஈவா லியுபிச், ஒரே நகரத்தில் ஒரே வருமானமும் ஒரே அளவும் கொண்ட குடும்பங்களை ஒப்பிட்டார். அப்போதும், வெள்ளையினக் குடும்பங்களைவிடக் கறுப்பின வாடகைதாரர்கள் ஆண்டுக்கு 273 டாலரும், சொந்த வீட்டுக்காரர்கள் 408 டாலரும் கூடுதலாகச் செலவிட்டிருந்தார்கள்.

இந்த வேறுபாட்டின் வேர் 1930களில் இருக்கிறது. கறுப்பினத்தவர் வாழ்ந்த பகுதிகளை அரசு நிறுவனமே வரைபடத்தில் சிவப்பு வண்ணமிட்டு, கடன் தர ஆபத்தான இடங்கள் என்று குறித்தது. வீடு வாங்கவோ பழுதுபார்க்கவோ அங்கே பணம் வரவில்லை. 1968இல்தான் வீட்டுவசதியில் இனப்பாகுபாட்டைச் சட்டம் தடைசெய்தது. அதற்குள் அந்த வீடுகள் ஒரு தலைமுறை மூத்துவிட்டன. இன்றும் கறுப்பினக் குடும்பங்களில் பாதிக்கு மேல் வாடகை வீட்டில்தான் வாழ்கின்றன. பில் கட்டுவது குடியிருப்பவர் என்பதால், வெப்பக்காப்புக்குச் செலவழிக்க வீட்டு உரிமையாளருக்கு அக்கறை இருப்பதில்லை.

நம்பிக்கை 3: யூனிட் விலை குறைந்தால் எல்லாம் சரியாகும்.

உண்மை: டென்னசி மாநிலத்தின் மெம்ஃபிஸ் இதற்கு மறுப்பு. மக்களில் அறுபது விழுக்காட்டுக்கு மேல் கறுப்பினத்தவர். மின்வாரியம் மாநகராட்சிக்குச் சொந்தமானது. கட்டணமோ நாட்டின் பெருநகரங்களிலேயே மலிவானவற்றுள் ஒன்று. ஆனாலும் 2016இல் 48 பெருநகரப் பகுதிகளை ஒப்பிட்டபோது, ஏழைக் குடும்பங்களின் சுமையில் முதலிடத்தில் நின்றது மெம்ஃபிஸ்தான். அவர்களின் வருமானத்தில் 13.2 விழுக்காடு இதற்கே போனது. விலை மலிவாக இருந்தும் ஒழுகும் வீடு பில்லைப் பெருக்கிவிட்டது.

நம்பிக்கை 4: அரசு உதவித்தொகை இருக்கிறதே.

உண்மை: இருக்கிறது, போதவில்லை. 1981 முதல் நடக்கும் மத்திய அரசின் கட்டண உதவித் திட்டம், தகுதியுள்ள குடும்பங்களில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கைத்தான் எட்டுகிறது. அந்தந்த ஆண்டின் நிதி தீர்ந்தால் உதவியும் நின்றுவிடும்.

வீட்டையே சீராக்கும் இன்னொரு திட்டம் 1976 முதல் உண்டு. இடுக்குகளை அடைத்து, வெப்பக்காப்பு போட்டுத் தருவார்கள். செலவு குடும்பத்துக்கு இல்லை. ஆனால் கூரை ஒழுகினாலோ, சுவரில் பூஞ்சை படர்ந்தாலோ, மின்கம்பிகள் பழசாக இருந்தாலோ, முதலில் அதைச் சரிசெய்யுங்கள் என்று திருப்பி அனுப்பிவிடுவார்கள். மிக மோசமான வீடுகளில் இருப்பவர்களே இப்படி விடுபட்டுப்போனார்கள். இந்தப் பழுதுகளை முதலில் நீக்குவதற்கென்று 2022இல் ஒன்றரைக் கோடி டாலர் தனியே ஒதுக்கப்பட்டது. அந்த ஒதுக்கீடு பல மடங்கு வளர்ந்தால்தான் திருப்பி அனுப்பப்பட்ட வீடுகளுக்கு முறை வரும்.