உங்கள் ஆம்ப்ளி நிஜமாக எத்தனை வாட்? வீட்டிலேயே அளக்கலாம்

ஜூன் 21 இசைத் திருநாளை, பிரான்சைப் போலவே புதுச்சேரியிலும் கொண்டாடுகிறோம். அதற்காகத் திண்ணையில் வைக்க ஓர் ஆம்ப்ளி வாங்கினேன். பெட்டியில் 400 வாட். அளந்து பார்த்தால் சேனலுக்கு 18 வாட்தான். நீங்கள் ஏமாறாமல் இருக்க இந்தக் குறிப்புகள்.

1. பெட்டியில் 'பி.எம்.பி.ஓ.' என்று போட்டிருந்தால் அந்த எண்ணை நம்பாதீர்கள். 'ஆர்.எம்.எஸ்.' வாட் எவ்வளவு என்று கேளுங்கள்.

2. கடையிலேயே அடாப்டரைத் திருப்பிப் பாருங்கள். 24 வோல்ட், 2 ஆம்பியர் என்றால் பெருக்கி வருவது 48 வாட். உள்ளே போவதே அவ்வளவுதான். வெளியே 400 எப்படி வரும்?

3. அளக்கும்போது ஸ்பீக்கரைக் கழற்றிவிட்டு, ஒவ்வொரு சேனலிலும் 8 ஓம், 100 வாட் வயர்வவுண்ட் ரெசிஸ்டர் ஒன்றை மாட்டுங்கள். ஸ்பீக்கரும் பிழைக்கும், பக்கத்து வீட்டார் தூக்கமும் கெடாது. ரெசிஸ்டர் கொதிக்கும், செங்கல் மேல் வையுங்கள், கை படக்கூடாது.

4. கடற்கரை ஓர வீடுகளில் உப்புக் காற்றால் டெர்மினல்களில் பச்சை பூக்கும். முதலில் அதைச் சுரண்டித் துடைத்து, வயரை இறுக்குங்கள். இல்லாவிட்டால் அளவு குறைத்தே காட்டும்.

5. செல்போனில் டோன் ஜெனரேட்டர் ஆப் போட்டு, 100 ஹெர்ட்ஸ் சைன் ஒலியைக் கொடுங்கள். பல சாதாரண மல்டிமீட்டர்கள் 1000 ஹெர்ட்ஸில் சரியாகக் காட்டாது. பாஸ், டிரெபிள் இரண்டும் நடுவில் இருக்கட்டும்.

6. சின்ன ஸ்பீக்கர் ஒன்றை 470 ஓம், 2 வாட் ரெசிஸ்டர் வழியாக ஒரு சேனலின் அதே முனைகளில் சேர்த்துக் கொள்ளுங்கள். வால்யூமை மெல்ல ஏற்றினால் மெலிதாக முனகும். முனகல் கரகரப்பாக மாறினால் ஒலி அலையின் உச்சி வெட்டுப்படுகிறது என்று பொருள். கரகரப்பு போகும்வரை சற்றே இறக்குங்கள்.

7. அந்த நிலையில் மல்டிமீட்டரை ஏசி வோல்ட்டில் வைத்து, பெரிய ரெசிஸ்டரின் இரு முனைகளில் அளவெடுங்கள். வோல்ட்டை வோல்ட்டால் பெருக்கி, ஓமால் வகுத்தால் வாட் கிடைக்கும். எனக்கு 12 வோல்ட் வந்தது: 144 ÷ 8 = 18.

8. இரண்டு சேனலையும் ஒன்றாக ஓடவிட்டே அளக்க வேண்டும். ஒன்றை மட்டும் ஓட்டினால் பவர் சப்ளை முழுவதும் அதற்கே கிடைத்து, எண் கூடுதலாக வரலாம்.

9. பல ஆம்ப்ளிகளில் ஸ்பீக்கரின் மைனஸ் முனை எர்த் அல்ல. அதை உலோகப் பெட்டியிலோ, இன்னொரு சேனலின் மைனஸிலோ தொடவிட்டால் ஐசி எரிந்துவிடலாம். 230 வோல்ட்டில் ஓடும் செட்டின் மூடியைத் திறக்கவே வேண்டாம்.

10. எண் சிறியதாக வந்தால் மனம் தளர வேண்டாம். வாட் இரட்டித்தாலும் ஒலி 3 டெசிபல்தான் கூடும். கரகரப்பில்லாத 18 வாட் ஒரு திண்ணைக்கு நிறைவாகவே போதும். கரகரக்கும்வரை முறுக்கினால் ட்வீட்டர் கருகலாம்; அளந்தபோது குமிழ் நின்ற இடத்தில் ஒரு கோடு போட்டு வையுங்கள்.